சஷ்டி விரதமும் எடை மெஷினும்

தை மாசம் என் தங்கை கல்யாணம். அதுக்குள்ள எட்டு கிலோ குறைக்கணும்னு ஆடியிலிருந்து மல்லுக்கட்டுறேன். குறைஞ்சது 3 கிலோ. இப்போ ஐப்பசி சஷ்டி வருது. "ஆறு நாள் விரதம் இரும்மா, எடையும் இறங்கும், முருகன் அருளும் கிடைக்கும்" என்கிறார் அத்தை.

இரண்டையும் ஒரே விரதத்தில் கேட்கலாமா?

கேட்பதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளை வரம், வேலை, நோய் தீரணும் என்று வேண்டித்தானே பலரும் சஷ்டி இருக்கிறோம்? உடம்பு லேசாகணும் என்பது மட்டும் மட்டமான வேண்டுதலா? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. வேண்டுதலில் பலனை அவன் கையில் விட்டுடுறோம். மெஷினில் தினமும் ஏறி நாமே கணக்குப் பார்க்கிறோம். மூணாம் நாள் முள் அசையலைன்னா மனசு வேலவனிடம் நிற்குமா, முள்ளிடமே நிற்குமா?

இன்னொன்று. பால், பழம் மட்டும் எடுத்து ஆறு நாளில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். பழையபடி சாப்பிட ஆரம்பிச்சா திரும்பி வந்துடும். (மிளகு விரதம் இருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்காமல் இறங்காதீங்க.)

அதனால் ஆறு நாளும் மெஷின் பரண்மேல். ஒருவேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் கவசம். சூரசம்ஹாரம், திருக்கல்யாணம் முடிந்ததும் பழையபடி காலை நடை, ராத்திரி இரண்டு இட்லி. பிளவுஸ் தைக்கக் கொடுப்பதை மார்கழிக்குத் தள்ளியாச்சு.