சிக்கனக் கருவிகள் யாருக்கு இலாபம்?

தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் கருவிகளை வாங்கி வீட்டில் பூட்டுவது பயனுள்ளதா என்ற கேள்வி எம்மவர் மத்தியில் அடிக்கடி எழுகிறது. மொன்றியலில் இக்கேள்விக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மானியே இல்லை. தண்ணீர்ச் செலவு வீட்டு வரியில் அடங்கிவிடுகிறது. வாடகைக்கு இருப்போருக்கு அது வாடகைக்குள் மறைந்துவிடுகிறது. மின்சாரமோ வட அமெரிக்காவிலேயே மிக மலிவானவற்றுள் ஒன்று. இந்நிலையில் ஏன் சிக்கனம் என்று ஒருவர் கேட்டால் அதை அசட்டையாகத் தள்ளிவிட முடியாது. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சுவரில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று சொல்லி விற்கப்படும் சிறு பெட்டிகள் பயனற்றவை. வீட்டு மானி அளப்பது நாம் உண்மையாகச் செலவழிக்கும் அலகுகளையே. அந்தப் பெட்டி அவற்றைக் குறைப்பதில்லை.

மின்குமிழ் விடயம் சற்று நுட்பமானது. 60 வோட் பழைய குமிழுக்குப் பதிலாக 9 வோட் எல்.ஈ.டி. குமிழ் போட்டால் 51 வோட் மிச்சம். ஆனால் பழைய குமிழ் வீணாக்கிய மின்சாரம் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்கியது. மின்சார ஹீற்றர் உள்ள வீட்டில் குளிர்காலத்தில் அந்த அளவுக்கு ஹீற்றர் குறைவாக வேலை செய்தது. ஆகவே முழு இலாபமும் கோடையில்தான் கிடைக்கும். எனினும் நீண்டகாலம் உழைப்பதால் எல்.ஈ.டி. குமிழே நல்லது.

உண்மையான இலாபம் சுடுநீரில் இருக்கிறது. பழைய ஷவர் நிமிடத்துக்கு 9.5 லீற்றரும் சிக்கன ஷவர் 5.7 லீற்றரும் விடுவதாகக் கொள்வோம். பத்து நிமிடக் குளிப்பில் 38 லீற்றர் மிச்சம். அவ்வளவு நீரை 8 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.4 அலகு மின்சாரம் வேண்டும். நால்வர் தினமும் குளிக்கும் வீட்டில் ஆண்டுக்கு 2,000 அலகு மிச்சமாகும். அலகு 7 முதல் 10 சதம் என்று பார்த்தால் 140 முதல் 200 டொலர். கருவியின் விலையோ சில பத்து டொலர்தான். அடுத்தது தெர்மோஸ்டாற். வீட்டு மின்சாரத்தில் பாதிக்கும் மேல் சூடேற்றத்துக்கே போவதால், இரவில் இரண்டு மூன்று பாகை தானாகக் குறைக்கும் கருவியும் தன் விலையை விரைவில் மீட்டுத் தரும்.

இனி மறுபக்கம். ஒரு தடவைக்கு 13 லீற்றரோ அதற்கு மேலோ கொட்டும் பழைய கழிவறைத் தொட்டியை மாற்றி 6 லீற்றர் தொட்டி வைத்தால் எமக்கு ஒரு சதமும் மிஞ்சாது. சுடுநீரும் வாடகையில் அடங்கும் டவுன்டவுன் அடுக்குமாடிகளில் சிக்கன ஷவரின் இலாபமும் வீட்டுச் சொந்தக்காரருக்கே போகும். கணக்குப் புத்தகம் இங்கே மூடப்படுகிறது. எமக்கு நட்டமில்லாததை நாம் வீணாக்கலாமா என்ற அறக்கேள்வி இங்கேதான் திறக்கிறது.

விலை இல்லாத பொருளுக்கும் செலவு உண்டு. சென்ற் லோறன்ஸ் ஆற்று நீர் அற்வோட்டர், டே பெய்யே நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு மின்சாரப் பம்பிகளால் நகருக்குள் தள்ளப்படுகிறது. 1998 ஜனவரிப் பனிமழையில் மின்கோபுரங்கள் சரிந்து டவுன்டவுன் இருளில் மூழ்கியபோது, 9 ஆம் திகதி இந்நிலையங்களும் மின்சாரத்தை இழந்தன; நகரின் குடிநீரே கேள்விக்குறியாயிற்று. அன்று இங்கிருந்தவர்களுக்கு அது மறந்திராது. குழாயின் பின்னால் மின்சாரம் இருக்கிறது. மின்சாரத்தின் பின்னால் இன்னோர் ஆறு இருக்கிறது.

அந்த ஆறு யாருடையது? கியூபெக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி வடக்கே லா கிறாண்ட் ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. அங்கே கிறீ பழங்குடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த பரந்த நிலம் நீருக்குள் போயிற்று. 1975 இல் கிறீ, இனுவிற் மக்களுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆற்று முகத்துவாரத் தீவிலிருந்த ஃபோர்ட் ஜோர்ஜ் கிராமத்து மக்கள் 1980-81 காலப்பகுதியில் சிசாசிபி என்ற புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். நீரில் மூழ்கிய மண்ணிலிருந்து பாதரசம் மீன்களில் சேர்ந்தது. மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அதை அளந்து உண்ண வேண்டியதாயிற்று. 1994 இல் கிறேற் வேல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது அவர்களது எதிர்ப்பின் பலன் எனலாம். ஊரைவிட்டு வரநேர்ந்த எமக்கு இதைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. மலிவு மின்சாரத்தின் மிகுதி விலையை வேறு யாரோ செலுத்தியிருக்கிறார்கள்.

நாம் மிச்சப்படுத்தும் அலகு அந்தத் தீவை மீட்டுத் தராது. ஆனால் அடுத்த அணைக்கான அவசரத்தைச் சிறிதாவது குறைக்கும். 2023 பெப்ரவரிக் கடுங்குளிரில் மாகாணத்தின் மின்தேவை 42,000 மெகாவாற்றைத் தாண்டியது. 2024 டிசம்பரில், லாபிரடோரின் சேர்ச்சில் ஆற்றில் புதிய மின்நிலையங்கள் அமைக்கக் கியூபெக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் ஒப்பமிட்டன. அது இன்னு மக்கள் வாழும் பூமி. குளிர்நாட்களில் காலையிலும் மாலையிலும் மின்தேவை உச்சத்தில் நிற்கும் மணிநேரங்களில் துணி உலர்த்தியை நிறுத்தி வைப்பதற்குக் கருவியே தேவையில்லை.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 2013 ஜனவரி 28 இல் மக்டாவிஷ் நீர்த்தேக்கத்தின் அருகே பெருங்குழாய் வெடித்து டவுன்டவுன் தெருக்கள் ஆறாக ஓடின. அலுவலகக் கோபுரங்கள் ஆளில்லாத இரவிலும் ஒளிர்கின்றன. இவற்றின் முன் எம் வீட்டு ஷவர் எம்மாத்திரம்? நகரசபையிடமும் நிறுவனங்களிடமும் இதைக் கேட்பது எமது உரிமை, கடமையும்கூட. எனினும் அடுத்தவரின் ஊதாரித்தனம் எமக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. தன் வீட்டில் அளந்து பாவிப்பவரின் கேள்விக்கே சபையில் வலு அதிகம்.

கருவியை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு கூடியதேயன்றிக் குறையவில்லை என்று 1865 இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எழுதினார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே கிணறுகளின் ஊற்று. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே அளவுகோலாக இருந்தது. இயந்திரம் வந்து இறைப்பு இலகுவானதும் அளவு மறந்தது. கடலோரக் கிணறுகள் பல உவர்த்தன. சிக்கன ஷவர் பூட்டிவிட்டு இருபது நிமிடம் குளித்தால் அதே கதைதான்.

சிக்கனம் என்பது கஞ்சத்தனமன்று. இறைவனுக்குச் செய்யும் அபிஷேகம் வீணன்று. மடப்பள்ளியில் மூட மறந்த குழாயே வீண். 1990 இற்குப் பின் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரமில்லை. ஜாம் போத்தல் விளக்கில் சில துளி மண்ணெண்ணெயை வைத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இங்கு வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சோகக் கதையாகச் சொல்ல வேண்டாம். ஒரு துளியின் பெறுமதி தெரிந்த மக்களின் பெருமையாகச் சொல்வோம்.

ஆகவே எமது கருத்து இது. ஷவரையும் தெர்மோஸ்டாற்றையும் பணத்துக்காகவே மாற்றலாம். கழிவறைத் தொட்டியை, பழுதாகும்போது, பணம் மிஞ்சாவிட்டாலும் மாற்றுவோம். மாயப் பெட்டிகளை வாங்காதிருப்போம். கைக்கெட்டிய தூரத்திலுள்ள குழாயை மூட மட்டும் எந்தக் கருவிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.