படகுக்கும் பாதைக்கும் ஒரே பை: உடைமையின் அளவு

ஒருவருக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. கேனோ படகில் ஏரிகளைக் கடந்தும், இடையிடையே காட்டுப் பாதையில் நடந்தும் போகும் பயணத்தில் அதே கேள்வி ஒரு முதுகுப்பையின் வடிவில் எழுகிறது. எந்தப் பை, எத்தனை லிட்டர், அதற்குள் என்னென்ன என்று முடிவு செய்பவர், தம் தேவைக்கும் ஆசைக்கும் அச்சத்துக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் கேனோ வனப்பகுதி இத்தகைய பயணத்துக்குப் பேர்பெற்றது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்த அந்தக் காட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள் உள்ளன. ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்குப் போக, படகையும் சுமைகளையும் தோளில் ஏற்றி நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். அதன் நீளத்தை இன்றும் ராட் என்ற பழைய அளவில் சொல்கிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறத்தாழ ஒரு கேனோவின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல்.

ஒரே பொருள், இரண்டு எடை

தண்ணீரில் இருக்கும்வரை சுமையைத் தண்ணீர் தாங்குகிறது. முப்பது கிலோ மூட்டை ஒன்றைக் கூடுதலாக ஏற்றினால் கேனோ சற்றே தாழும். துடுப்புப் போடுபவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கரை ஏறியதும் அதே முப்பது கிலோவை முதுகெலும்பும் முழங்காலும் தாங்க வேண்டும். காலடியில் வழுக்கும் பாறை, சேறு, குறுக்கே ஓடும் வேர்கள். இரண்டு கையும் படகைப் பிடித்திருப்பதால் முகத்தில் மொய்க்கும் கொசுவைக்கூட விரட்ட முடியாது.

சுமையை ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால் கணக்கு மாறிவிடும். பாதி சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மீதியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் பாதை மூன்று கிலோமீட்டர் நடையாகிறது. படகில் ஏற்றும்போது இலவசமாகத் தெரிந்த பொருளுக்கு உரிய விலையைப் போர்ட்டேஜில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. வசதியான இடத்தில் நின்று எடுக்கும் முடிவுகளின் பாரம் கடினமான இடத்தில் தெரியவரும் என்பது வாழ்க்கைக்கும் பொருந்தும். ஆகவே பையின் அளவை நிர்ணயிக்க வேண்டியது படகின் கொள்ளளவு அல்ல. வழியில் உள்ள மிக நீண்ட தரைநடை.

படகு கேட்பதும் பாதை கேட்பதும்

படகுக்கு ஏற்ற பை அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். அது படகின் அடியில் தாழப் படுத்து சமநிலையைக் காக்கும். நடைக்கு ஏற்ற பை உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். உள்ளே சட்டமும், பாரத்தின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பட்டையும் வைத்திருக்கும். உயரமான பையை முதுகில் போட்டுக்கொண்டு கேனோவைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கினால், பையின் உச்சி படகில் இடிக்கும்.

இந்த முரண் பழையது. மின்னசோட்டாவின் துலூத் நகரில் வாழ்ந்த கமீல் புவாரியே என்பவர் 1882இல் ஒரு பைக்குக் காப்புரிமை பெற்றார். அகன்ற கித்தான் பை. தோள்பட்டைகளோடு, பாரத்தைத் தலையிலும் பங்கிடும் நெற்றிப்பட்டை. இன்றும் அந்த வகையைத் துலூத் பை என்றே அழைக்கிறார்கள். படகுக்கும் குறுகிய போர்ட்டேஜுக்கும் அது ஏற்றது. நாள் முழுக்க நடக்க வேண்டிய கட்டம் பயணத்தில் இருந்தால், 50 முதல் 65 லிட்டர் வரையிலான நடைப்பையும், அதன் உள்ளே நீர்புகாத உறையும் நல்ல சமரசம். நடைப்பையோடு வரும் மழையுறை மழைக்கு மட்டுமே உதவும். படகு கவிழ்ந்தால் தண்ணீர் முதுகுப்பக்கமாக உள்ளே போய்விடும்.

உள்ளுறையை மூடுவதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. தூங்கும் பையையும் மாற்றுத் துணியையும் அடியில் திணித்து, மேலே முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயின் இரு விளிம்பையும் சேர்த்து மூன்று நான்கு முறை சுருட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். உறை நிரம்பி வழிந்தால் மூன்று சுருட்டு வராது. சுருட்டு குறைந்தால் நீர் புகும். கடைசியாகத் திணித்த ஒரு சட்டை, உள்ளே இருக்கும் எல்லாத் துணியையும் நனைத்துவிடக்கூடும்.

அளவை முன்கூட்டி வைத்தல்

சமண சமயம் உடைமையைப் பற்றி மிக நுணுக்கமாக எண்ணிப் பார்த்த மரபு. திகம்பர முனிவர் தம்மோடு வைத்திருப்பவை மயிற்பீலியும் கமண்டலமும் நூலும் மட்டுமே. ஆனால் இல்லறத்தாரிடம் அந்த மரபு முழுத் துறவைக் கேட்பதில்லை. பரிக்கிரக பரிமாணம் என்ற நோன்பைக் கேட்கிறது. நிலம், பொன், தானியம், பாத்திரம் ஒவ்வொன்றிலும் இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொள்வது அந்த நோன்பு.

பயணியும் துறவி அல்லர், இல்லறத்தாரைப் போன்றவர்தான். எல்லாப் பொருளையும் குவித்துவிட்டு அவை கொள்ளும் பையைத் தேடினால், பை ஆசையின் அளவுக்கு வளர்ந்துகொண்டே போகும். நீண்ட போர்ட்டேஜில் தம் உடல் தாங்கும் எடையை முதலில் கணித்து, அதற்குரிய பையை வாங்கி, பொருள்களை அதற்குள் அடக்குபவர் ஒரு பரிமாண நோன்பையே கைக்கொள்கிறார். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது நடைப்பயணிகள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு.

எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதுமா? உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்று வரையறுக்கிறது. பொருளின் மேல் மனம் மயங்கி ஒட்டிக்கொள்வதே உடைமை என்பது அதன் கருத்து. துறவி ஆடை வைத்துக்கொள்ளலாமா என்று சமணத்தின் இரு பிரிவினரான சுவேதாம்பரரும் திகம்பரரும் நடத்திய வாதமும் இதைச் சுற்றியதே. பற்றில்லாமல் ஆடை உடுத்த முடியும் என்பது ஒரு தரப்பு. ஆடை இருந்தால் பற்றும் இருக்கும் என்பது மறுதரப்பு. மிக இலேசான, மிக விலையுயர்ந்த பையைத் தேடி மாதக்கணக்கில் அலைபவரின் முதுகில் பாரம் குறைந்திருக்கலாம். மனத்தில் அது கூடியிருக்கும்.

தெப்பமும் வடிகட்டியும்

பௌத்தத் துறவிக்கு மரபு அனுமதிக்கும் பொருள்கள் எட்டு: மூன்று சீவரங்கள் (துறவாடைகள்), பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, கச்சை, நீர் வடிகட்டி. கடைசிப் பொருள் கவனத்துக்குரியது. கேனோ பயணியும் வடிகட்டி கொண்டுபோகிறார். ஏரி நீரிலுள்ள கிருமிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு அது தேவை. துறவிக்கோ, நீரிலுள்ள சிற்றுயிர்களைத் தம்மிடமிருந்து காக்க. ஒரு பொருள் தேவையா என்பதோடு, யாருக்காகத் தேவை என்பதும் கேட்கத் தக்கது என்பதை இந்தச் சிறு கருவி காட்டுகிறது.

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் புத்தர் சொல்லும் தெப்ப உவமை இந்தப் பயணத்துக்கே சொன்னதுபோல் இருக்கிறது. தெப்பம் கட்டி ஆற்றைக் கடந்தவன், அது உதவியதே என்று கரையிலும் அதைத் தலையில் சுமந்து திரியலாமா என்பது கேள்வி. கூடாது, தெப்பம் கடப்பதற்கு, பிடித்துக்கொள்வதற்கு அல்ல. போர்ட்டேஜில் நடப்பவரோ படகைத் தலையில்தான் சுமக்கிறார். அவர் உவமையை மீறவில்லை. அவருக்கு முன்னால் இன்னோர் ஏரி இருக்கிறது. இனிக் கடக்க நீர் உண்டா என்பதே சுமப்பதற்கும் விடுவதற்கும் இடையிலான அளவுகோல். வீட்டிலிருந்து புறப்படும்போது ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டியதும் இதுவே: முன்னால் உள்ள எந்த ஏரிக்காக, எந்த இரவுக்காக இது வருகிறது? விடை கிடைக்காத பொருள்கள் பெரும்பாலும் அச்சத்தால் எடுக்கப்பட்டவை.

அறிவும் பகிர்வும்

1857இல் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ ஒரு நண்பரோடு மெய்ன் மாநிலக் காடுகளில் கேனோ பயணம் போனார். வழிகாட்டி ஜோ போலிஸ், பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். நண்பர்கள் இருவரிடமும் நிரம்பிய முதுகுப்பைகளும், உணவும் பாத்திரமும் அடைத்த இரண்டு ரப்பர் பைகளும் இருந்தன. போலிஸ் கொண்டுவந்ததோ, கோடரியும் துப்பாக்கியும் தவிர, கையில் ஒரு போர்வை. தோரோவே இதைப் பதிவு செய்திருக்கிறார். எந்த மரப்பட்டை எதற்கு உதவும் என்று தெரிந்தவருக்குப் பொருள் குறைவாகப் போதும். அறிவு எடையில்லாத உடைமை.

ஆனால் இலேசாகப் போவதே அறமாகிவிடாது. போலிஸ் உண்டது பொதுப் பைகளில் வந்த உணவு; அதற்கு ஈடாகப் படகும் வழியறிவும் அவருடையவை. பௌத்தத் துறவியின் பாத்திரம் நிரம்ப, ஊரில் யாரோ ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டும். குழுப் பயணத்தில் ஒருவர் மழைச்சட்டையைத் தவிர்த்துவிட்டு நனைந்து நடுங்கினால், அவருடைய பாரம் மற்றவர் தோளுக்கு மாறுகிறது. ஆதலால் உயிர்காப்புச் சட்டை, மழைச்சட்டை, முதலுதவி, தீ மூட்டும் கருவி, ஓர் உலர்ந்த உடை ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது நோன்பு ஆகாது. அவை சக பயணிகளுக்குச் செலுத்தும் கடன். மாறாக, கூடாரமும் பாத்திரமும் அடுப்பும் குழுவுக்குப் பொதுவாக இருந்தால் ஒவ்வொருவரின் பையும் சுருங்கும். தனித்தனியே எல்லாம் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமே சுமையைப் பெரிதாக்குகிறது.

தேர்வின் வரிசை இவ்வாறு அமைகிறது. மிக நீண்ட தரைநடையைப் பார்த்து எடைக்கு எல்லை வைப்பது. படகுநாள் கூடுதலா நடைநாள் கூடுதலா என்று பார்த்துப் பையின் வடிவத்தை முடிவு செய்வது. நீர்புகாத உறைக்குள் முதலில் உயிர்காக்கும் பொருள்களையும், அடுத்துப் பொதுப் பொருள்களில் தம் பங்கையும், மீதமுள்ள இடத்தில் விருப்பமானவற்றையும் வைப்பது. மூன்று சுருட்டு வரவில்லையென்றால் கடைசியாக வைத்ததை வெளியே எடுப்பது.