அடுத்த வீட்டுப் பைன் மரம்

2024 ஜூன் மாதம் அந்தக் கடிதம் வந்தது. ஒரே தாள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுக்குக் காப்பீடு தந்துவந்த நிறுவனம், செப்டம்பரில் முடிகிற பாலிசியைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று எழுதியிருந்தது. கலிஃபோர்னியாவில் இப்படிக் கைவிடுவதற்கு 75 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அதுவும் தந்திருந்தார்கள். காரணம் என்ற இடத்தில், காட்டுத்தீ அபாய மதிப்பெண் வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஒரு வரி. "ஒரு தடவைகூட நாம க்ளெய்ம் பண்ணலையே" என்றாள் மனைவி. பதினோரு வருடம் தவறாமல் சீட்டுக் கட்டிவிட்டு, ஒரு முறையும் எடுக்காமலேயே வெளியே அனுப்பப்பட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

என்னுடைய சங்கடம் வேறு. அந்த மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் வேறொரு காப்பீட்டு நிறுவனத்தில் எட்டு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்தேன். ஒரு முகவரியைக் கொடுத்தால் நிலத்தின் சரிவு, சுற்றிலும் உள்ள மரம் புதர், கூரையின் வகை, காற்றின் போக்கு, வெளியேறும் சாலைகள் என்று பல இடங்களிலிருந்து தரவுகளைத் திரட்டி ஓர் எண்ணைத் தரும் அமைப்பு அது. அதுவரை அவர்கள் அஞ்சல் குறியீட்டை வைத்து ஊருக்கே ஒரு விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, ஓட்டுக் கூரை போட்டவனும் பழைய மரப்பலகைக் கூரையை வைத்திருப்பவனும் ஒரே பணம் கட்டுவது அநியாயம் என்று பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

எங்கள் வீடு எல் டொராடோ கவுண்டியில், சியெரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓக்கும் பைனும் கலந்த சரிவு. வளைகுடாப் பகுதியில் ஒரு சிறு அடுக்ககம் வாங்கும் பணத்துக்கு இங்கே தோட்டத்துடன் வீடு கிடைத்தது. 2021 ஆகஸ்டில் கால்டர் தீ எங்களுக்குக் கிழக்கே கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்ற சிற்றூரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. பாஸ்போர்ட், பத்திரங்கள், அம்மாவின் மருந்துகள் எல்லாம் காரில் ஏற்றி வைத்த நிலையில் பல இரவுகள் போயின. ஆகவே மதிப்பெண் பொய் சொல்லவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட எளிதாக இருந்திருக்கும்.

இந்த ஒரு வருடமாக என்னைக் குடையும் கேள்வி இதுதான். காப்பீட்டில் நியாயம் என்பது எது? அவரவர் அபாயத்துக்கு ஏற்ப அவரவர் பணம் கட்டுவதா? யாருக்கு எப்போது என்ன வரும் என்று தெரியாதவர்கள் கூடிப் பொதுவில் போட்டு, வந்தவருக்கு எடுத்துக் கொடுப்பதா? நான் அந்தக் கூட்டத்தில் பேசியது முதல் நியாயம். கடிதம் வந்த அன்று மனைவி கேட்டது இரண்டாவது. இரண்டும் ஒன்றுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அபாயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவாக இருக்கும்வரை அப்படி நினைப்பதில் பெரிய தவறும் இல்லை. தெரிவது கூடக் கூட இரண்டும் விலகுகின்றன. எந்த வீடு எந்த வருடம் எரியும் என்று துல்லியமாகக் கணிக்கும் எந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காப்பீடு என்ற ஒன்றே இருக்காது. எரியப்போகும் வீட்டுக்காரருக்கு ஒரு பில் வரும், மற்றவர்களுக்கு எதுவும் வராது. ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில், தன் இடம் எது என்று தெரியாத அறியாமைத் திரைக்குப் பின்னால் இருந்து விதிகளை வகுக்கச் சொன்னார். அவருக்கு அது ஒரு சிந்தனைப் பயிற்சி. காப்பீட்டில் அந்தத் திரை ஓரளவு உண்மையாகவே இருந்தது. அதைக் கிழிப்பதற்கு மணிக்கணக்கில் கூலி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

திரை அப்படியே இருந்திருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 1988இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 103ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். காப்பீட்டு விலையைக் கூட்டுவதற்கு ஆணையரின் முன் அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. காட்டுத்தீ விஷயத்தில் நிறுவனங்கள் கடந்தகால இழப்புகளை வைத்துத்தான் விலை கேட்க முடிந்தது. வரப்போவதைக் கணிக்கும் மாதிரிகளை வைத்துக் கேட்க 2024 இறுதிவரை வழியில்லை. இதனால் பல ஆண்டுகள் மலைச்சரிவுகளில் பிரீமியம் குறைவாகவே இருந்தது. அந்தக் குறைந்த விலையை நம்பி, என்னைப் போன்றவர்கள் மேலும் மேலும் காட்டுக்குள் வீடு வாங்கினோம். பிறகு 2017, 2018 தீக்கள் வந்தன. 2018 நவம்பரில் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேல் கட்டடங்கள் போயின. ஒரு சிறிய காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரே தீயில் திவாலானது. மற்றவை விலையைக் கூட்ட முடியாததால் ஆளைக் குறைத்தன. 2023 மே மாதம் மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமே புதிய வீடுகளை ஏற்பதை நிறுத்தியது. விலை என்பது ஒரு செய்தியும்கூட. அந்தச் செய்தியை வர விடாமல் முப்பது வருடம் தடுத்தால் அது கடைசியில் ஒரே தாளில் வந்து சேர்கிறது.

வேறு வழியின்றி ஃபேர் பிளானுக்குப் போனேன். அரசுப் பணம் அதில் இல்லை. மாநிலத்தில் தொழில் செய்யும் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் சட்டப்படி சேர்ந்து நடத்தும் கடைசிப் புகலிடம் அது. அடிப்படையில் தீக்குத்தான் காப்பு. திருட்டு, குழாய் வெடிப்பு, யாராவது படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அது, இவற்றுக்கெல்லாம் தனியாக இன்னொரு பாலிசி வாங்க வேண்டும். வருடம் 2,100 டாலர் கட்டிக்கொண்டிருந்தவன் இப்போது இரண்டுக்கும் சேர்த்து 7,300 கட்டுகிறேன். வீட்டுக் கடன் இருக்கும்வரை காப்பீடு இல்லாமல் இருக்க வங்கி விடாது.

ஃபேர் பிளானின் வரலாறு எனக்குத் தெரியாது, படித்தபோது வெட்கமாக இருந்தது. அது 1968இல் தொடங்கப்பட்டது. 1965 வாட்ஸ் கலவரத்துக்குப் பிறகு கறுப்பின மக்கள் வாழ்ந்த நகர்ப்பகுதிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டன. அதற்கு வெகு முன்பே, 1930களில், வரைபடத்தில் அந்தப் பகுதிகளைச் சிவப்பால் குறித்து வீட்டுக் கடன் மறுக்கும் வழக்கமும் இருந்தது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்கும், புதர்த் தீ அபாயமுள்ள குன்றுகளில் இருந்தவர்களுக்குமாக உருவான ஏற்பாடு இது. இன்று அதில் மலைக் காட்சிக்காக வீடு வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறோம். என் கணினித் திரையில் நான் சோதித்துப் பார்த்த வரைபடத்திலும் கூடுதல் அபாயத்துக்குச் சிவப்புதான். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கும் தெரியவில்லை.

"நம்ம ஊரில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது" என்று ஒரு நாள் அப்பா தொலைபேசியில் சொன்னார். அவருடைய ஊர் பழைய தஞ்சை மாவட்டத்தில். சித்திரை வெயிலில் ஒரு கூரை பற்றினால் வரிசையாகப் பத்து கூரை போகும். மறுநாளே மூங்கிலும் கீற்றும் வந்து இறங்கும், யாரும் காசு கேட்கமாட்டார்கள் என்றார். எனக்கும் அதில் மங்கலான நினைவு உண்டு. ஆனால் பேச்சு வளர்ந்தபோது, வாய்க்காலுக்கு அப்பால் காலனியில் தீப்பிடித்த வருடம் என்ன நடந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "மிராசுதார் ரெண்டு வண்டி வைக்கோல் அனுப்பினார்" என்றார். வேறு யாரும் போனதாக அவருக்கு நினைவில்லை. பொதுவில் போட்டுப் பகிர்வதைப் புகழும்போது அந்தப் பொதுவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். மதிப்பெண்ணுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். அது சாதி பார்ப்பதில்லை. சரிவைப் பார்க்கிறது, கூரையைப் பார்க்கிறது. நல்ல கூரை போட யாரிடம் பணம் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

2022இல் காப்பீட்டுத் துறை ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டைத் தீயிலிருந்து காக்கும் வேலைகளைச் செய்தவர்களுக்கு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தீப்பொறிகள் ஒரு மைலுக்கு மேல்கூடப் பறந்து வந்து விழும். பெரும்பாலான வீடுகள் எரிவது தீச்சுவரால் அல்ல, இந்தப் பொறிகளால்தான். எனவே காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை அடித்தேன். சுவரைச் சுற்றி ஐந்து அடிக்குள் எரியக்கூடியது எதுவும் கூடாது என்பதால் ஜன்னலோரம் மனைவி வளர்த்த மல்லிகைக் கொடி போயிற்று. அம்மா வரும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றிய கறிவேப்பிலைத் தொட்டி கார் நிறுத்தும் தளத்தின் மறுகோடிக்குப் போய், அங்கே வெயிலில் பாதி காய்ந்தது. அதற்காக வாங்கிய பேச்சை இங்கே எழுத இடமில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மழைநீர்த் தாரையைப் பார்த்தால் அது நிறைய பைன் ஊசி. எங்கள் தோட்டத்தில் ஒரு பைனும் இல்லை. எல்லாம் அடுத்த வீட்டு மரத்திலிருந்து விழுபவை.

அடுத்த வீட்டு அம்மையாருக்கு 79 வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த முதல் வாரம் ஆப்பிள் பை கொண்டுவந்து கொடுத்து, குப்பை வண்டி எந்த நாளில் வரும் என்று சொன்னவர். வீட்டுக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். அதனால் அவரைக் கட்டாயப்படுத்த வங்கி இல்லை. புதிய பிரீமியத்தைப் பார்த்துவிட்டுக் காப்பீட்டையே விட்டுவிட்டார். மூன்று பைன்களையும் வெட்ட ஆள் கேட்ட தொகை அவருடைய நாலைந்து மாத ஓய்வூதியம். நான் பாதி தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே, "உன் இன்சூரன்ஸுக்காகத்தானே என் மரம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு மரம் மட்டும் வெட்டினோம். அதற்கு மேல் அவர் என் பணத்தை வாங்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் வீட்டுத் தாரையையும் நானே சுத்தம் செய்கிறேன். இது உதவியா, என் மதிப்பெண்ணைக் குறைக்கும் முயற்சியா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸும் ஈட்டனும் எரிந்தன. மற்ற இடங்களில் வீடு மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் பல ஒரு காலத்தில் வந்து சேர்ந்த ஆல்டடீனா அழிந்தது. ஃபேர் பிளானிடம் பணம் போதாமல், பிப்ரவரியில் உறுப்பு நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் வசூலிக்க அனுமதி பெற்றார்கள். அதில் பாதியை நிறுவனங்கள் மாநிலம் முழுவதிலும் உள்ள தங்கள் பாலிசிதாரர்கள் மேல் சுமத்தலாம். ஃப்ரெஸ்னோ சமவெளியில் பைன் மரத்தையே பார்க்காத ஒருவர் பாலிசேட்ஸ் மாளிகைக்குப் பங்கு தருகிறார். என் கூட்டாளிகளில் ஒருவன் இதைக் கொள்ளை என்றான். அவன் சொல்வது சரி. என்னைக் காப்பாற்றுவதும் அதே கொள்ளைதான்.

அம்மையார் ஏப்ரலில் வீட்டை விற்பனைக்குப் போட்டார். ரீனோவில் மகள் இருக்கிறார், அங்கே போய்விடலாம் என்று. மே மாதம் ஒரு தம்பி அழைத்தான். பழைய வேலையில் என்னோடு இருந்தவன், ஃப்ரீமான்ட்டில் வாடகைக்கு இருக்கிறான், இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. "அண்ணா, உங்க தெருவில ஒரு வீடு பார்த்தேன். விலை நல்லா இருக்கு. அங்க இன்சூரன்ஸ் எல்லாம் கிடைக்குதா?" வீடு தீ அபாய வலயத்தில் இருப்பதை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும், அதை அவன் பார்த்திருந்தான். நான் என்ன கட்டுகிறேன் என்பதைச் சொல்ல எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "கிடைக்குது" என்றேன். அது பொய்யில்லை. தெருவில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போனால் என் வீட்டுக்கும் விலை நிற்கும் என்ற நினைப்பு அந்த ஒரு சொல்லுக்குள் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்: 2,100, 7,300, இரண்டு பாலிசி, ஒரே வழிச் சாலை, காரில் பெட்டி கட்டி வைத்த இரவுகள். "ரொம்ப நன்றிண்ணா" என்றான். இரண்டு நாளில் விலகிக்கொண்டான். நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்திருப்பவனிடம் மறைக்க முடியாது. ஆனால் எட்டு மாதம் நான் கட்டிய எந்திரம் செய்ததும் இதேதான். தெரிந்ததைச் சொல்லியது. கேட்டவர் விலகினார். அதற்கான விலை அந்த உரையாடலில் இல்லாத ஒருவர் தலையில் விழுந்தது. அம்மையார் இரண்டு முறை விலையைக் குறைத்துவிட்டார். வீடு இன்னும் விற்கவில்லை.

போன சனிக்கிழமை ஏணியில் நின்று ஊசிகளை வாரிக்கொண்டிருந்தேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார். "உன் நண்பன் ஒருவன் பார்க்க வந்தானே, அவனுக்கு வீடு பிடிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"வீடு பிடித்திருந்தது. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று நான்தான் சொன்னேன்."

சற்று நேரம் மேலிருந்து ஊசி விழும் சத்தம் மட்டும் கேட்டது. "நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை" என்றார். ஆறு சாக்கு நிறைந்திருந்தது. அவருடைய பச்சைத் தொட்டியில் மூன்றுதான் பிடித்தது. மிச்சத்தை என் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.