வேற்றுமையை மறைத்து அன்பைக் கற்பிக்கலாமா?

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்லிக்கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். கண்ணெதிரே தெரியும் வேற்றுமைகளையும், அவற்றுள் சில நியாயமற்றவை என்பதையும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசலாமா? பிஞ்சு மனம் நோகும் என்று பேசாமல் விடுவதுதான் அறமா?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் அங்கே 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது, மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டில் ஆள் சேர்த்த காலம். இன்று அதே சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் உண்டு. எல்லோருக்கும் முந்திய செமாய் பூர்வகுடியினரும், காய்கறி பயிரிடும் சீனக் குடும்பங்களும் அதே மலையில்தான் வாழ்கிறார்கள். ஏழு வயதில் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று ஆளுக்கொரு வாசலில் நுழைகிறார்கள். ஒரே பள்ளியிலும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. பண்பைப் படிக்கும் நேரத்திலேயே வகுப்பு இரண்டாகிறது. தாய்மொழிப்பள்ளியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தன் மனத்தைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே அடுத்தவர் மனமும் எளிதில் பிடிபடும்.

பேசாமல் விடுவதே நல்லது என்போர் பக்கமும் நியாயம் உண்டு. 'இவர் இன்ன இனம்' என்று பெரியவர்கள் சுட்டிக்காட்டப்போய்த்தான் பிள்ளை பிரித்துப் பார்க்கப் பழகுகிறது என்பார்கள். ஆனால் பிள்ளையின் கண்ணை யார் மூட முடியும்? வேலை முடிந்து லயத்து வாசலில் உட்கார்ந்து, கைப்பேசித் திரையில் மகளைப் பார்த்துப் பேசும் நேப்பாளத் தொழிலாளியை அது பார்க்கிறது. "அந்த அங்கிளோட பாப்பா ஏன் இங்க இல்ல?" என்று கேட்கிறது. தற்காலிக வேலை அனுமதியில் வருபவர் குடும்பத்தை அழைத்துவர மலேசிய விதிகள் இடம் கொடுப்பதில்லை என்பதே விடை. அதைச் சொல்லாமல் மழுப்பினால் பிள்ளை தானே ஒரு விடை தேடிக்கொள்ளும்: அவர்கள் வேறு மாதிரி மனிதர்கள், நம்மைப் போல் ஏங்க மாட்டார்கள். வங்காளதேசத்தவரைப் பெயர் சொல்லாமல் 'பங்களா' என்று வீட்டில் கூப்பிடுவது காதில் விழுந்தால் அந்த விடை ஊறிப்போகும்.

"அவருக்கும் பாப்பாவைப் பார்க்காம மனசு கஷ்டமாத்தான் இருக்கும். கூட்டிட்டு வர விடமாட்டேங்கிறாங்க. அது சரியில்ல." ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். கேள்விக்கு மேல் பதில் நீளக் கூடாது. குற்றவுணர்வையும் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது, விதிகளை எழுதியது அது அல்லவே.

இந்தத் தொழிலாளிகளின் நிலையைத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரின் நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் அந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. ஊரைவிட்டு வந்த வலி தமிழருக்குப் புரியும் என்றாலும் தமிழர் இங்கே வேரூன்றிக் குடிமக்கள் ஆனார்கள். அனுமதி முடிந்தால் நேப்பாளி திரும்ப வேண்டும். செமாய் மக்களோ எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். ஆயினும் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி வேட்பாளர் ஒருவர் தேர்தலில் வென்று நாட்டின் மக்களவைக்குள் நுழைய 2019 வரை ஆனது. கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர்தான் அவர்.

பசியும் பயமும் பாசமும் பொது, வாய்ப்புகள் பொதுவல்ல. முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துவது பிள்ளையை ஏமாற்றுவது. பெற்றோர் பாடநூலுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து லயத்துத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறிந்து, பிள்ளையின் முன்னால் அந்தப் பெயர் சொல்லியே அவரை அழையுங்கள்.