படம் காட்டாத நினைவு

தலையில் பலத்த அடிபட்டவர் சில நாள் கோமாவுக்குப் பின் கண் திறக்கிறார்; தூங்குகிறார், விழிக்கிறார்; ஆனால் அழைத்தால் அசைவில்லை. மருத்துவம் இதைத் தாவர நிலை என்கிறது. அறிகுறி தெரியவில்லை என்பதால் அவருக்கு உணர்வே இல்லை என்று முடிவு கட்டலாமா என்பதே இங்கு எழும் அறக்கேள்வி.

2006-இல் இங்கிலாந்தில் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்தில் இந்நிலைக்கு ஆளான 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்லி, மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ படம் எடுத்தனர். நலமாக இருப்பவருக்கு இயங்கும் அதே மூளைப் பகுதி அவருக்கும் இயங்கியது. 2024-இல் வெளியான ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கியதை எஃப்எம்ஆர்ஐ அல்லது மூளை மின்னலைப் பதிவான இஇஜி காட்டியது.

ஆகவே, படம் ‘ஆம்’ என்றால் நோயாளியோடு பேச வழிதேடும் கடமை உண்டாகிறது. ‘இல்லை’ என்றால் எதுவும் உறுதியாகாது. உறக்கம், மயக்க மருந்து, கேட்கும் திறனில் குறை, மொழி புரியாமை ஆகிய எதுவும் படத்தை வெறுமையாக்கலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளியிடம் டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்வதில் பொருளில்லை; பழம் பறிப்பதாக நினைக்கும்படி, அவர் பேசும் தமிழிலேயே கேட்பதுதான் நியாயம்.

இந்தியாவில் இக்கேள்வி உயிர் சார்ந்தது. மும்பையில் தாக்கப்பட்டு 1973 முதல் இத்தகைய நிலையில் படுக்கையில் இருந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், கடும் நிபந்தனைகளுடன் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி திறந்தது. ஆனால் அருணாவுக்கு அந்த அனுமதியை மறுத்தது. அதே நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு அவ்வழியை உறுதி செய்தது. அத்தகைய முடிவுக்கு வெறுமையான ஒரு படத்தை மட்டும் சான்றாக்குவது அநீதி.

பரிசோதனை வசதி எட்டுவதும் அறத்தின் பகுதியே. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலைச் சிற்றூர்களுக்குத் தொலைவு இன்னும் கூடுதல். இவ்வகைப் படம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது. அதற்காக ஒரு குடும்பம் நிலத்தை விற்கக் கூடாது. படமின்றியும் அறிய வழி உண்டு: 2009-இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், தாவர நிலை என்று மருத்துவர்கள் கருதிய 44 பேரில் 18 பேரிடம் முறையான படுக்கையோரப் பரிசோதனையே உணர்வின் அறிகுறியைக் கண்டது. அப்பரிசோதனையின் ஒரு பகுதி, முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னே மெல்ல நகர்த்தி, கண் பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. இதற்கு வேண்டியது பயிற்சியும் பொறுமையும், மீண்டும் மீண்டும் வந்து பார்க்கும் மனமும்தான். உறுதி கிடைக்கும்வரை, நோயாளி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணி அவரருகில் பேசுவது எந்த மருத்துவமனையிலும் இயலும்.