தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. மும்பை டியோனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஊரார் 'டிஸ்' என்று சொல்லும் அந்தக் கல்வி நிறுவனம், தன் பல வளாகங்களிலும் பணியாற்றிய சுமார் 55 ஆசிரியர்களுக்கும் 60 அலுவலர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமையோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்தாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்தியவர்களும் அதில் உண்டு. டாடா கல்வி அறக்கட்டளையின் நிதி வந்து சேரவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. அறக்கட்டளை பணம் தர முன்வந்தது. 30ஆம் தேதியே கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன.

வேலை தப்பியது, நெஞ்சு ஆறவில்லை. இந்தியாவில் சமூகப்பணியை ஒரு முறையான படிப்பாக 1936இல் முதன்முதலில் கற்பிக்கத் தொடங்கிய இடம் அது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு வேண்டும், கூலிக்காரருக்கு என்ன உரிமை உண்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த இடம். அங்கேயே இரண்டு நாள் அவகாசத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப மனம் துணிந்ததென்றால், மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்வது? அடுத்த ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே ஆணையில் நிறுத்தியபோது, அந்தப் பணத்தை நம்பி இந்தியாவில் களப்பணி செய்தவர்களும் இதே கதிக்கு ஆளானார்கள்.

டியோனாரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, டிராம்பேயில், கடற்கழியை ஒட்டி இருக்கிறது சீத்தா கேம்ப். அங்கே பட்டம் முடித்த ஒரு பெண், சமூகப்பணி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்தால் இரண்டு கேள்விகள் வரும். "ஊருக்கு உழைக்கப் போறேன்ங்கிற, சரி. மாசம் பொறந்தா கையில என்னடி வரும்?" என்பது அம்மாவின் கேள்வி. "தொண்டு செய்யிறவங்க கை நீட்டிச் சம்பளம் வாங்கலாமாம்மா? அது பாவமில்லையா?" என்பது அப்பாவின் கேள்வி. அம்மாவின் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்லும். அப்பாவின் கேள்விக்கு அறம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். வாங்குவது பாவம் இல்லை. தொண்டு என்ற பெயரைச் சொல்லி ஒருவர் உழைப்புக்குக் கூலி தராமல் இருப்பதுதான் பாவம்.

நம் மூதாதையர் இதில் தெளிவாகவே இருந்தார்கள். திருக்குறளின் அதிகார வைப்பைப் பாருங்கள். ஊருக்கு உதவி வாழ்வதைப் பேசும் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் வைத்தது இல்லறவியலில். துறவறவியல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஊருக்கு உதவுகிறவர் காவி கட்ட வேண்டும், குடும்பத்தைப் பட்டினி போட வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தால், இந்த அதிகாரங்களைத் துறவறத்தில் வைக்க அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மனைவி மக்களோடு, அடுப்பும் விளக்கும் எரிகிற வீட்டில் இருந்துகொண்டு செய்ய வேண்டிய கடமையாகவே ஒப்புரவை அவர் கண்டார். அடுப்பு எரிய வேண்டுமானால் அரிசி வேண்டும்.

கல்லிலும் இதற்குச் சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. அங்கே 15 பேர் படுத்துச் சிகிச்சை பெறும் ஆதுலர்சாலை ஒன்று நடந்தது. முழுக்க முழுக்கத் தருமம். ஆனால் மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அறுவை செய்பவருக்கு, மூலிகை பறித்து வருபவருக்கு, நோயாளிக்கு மருந்து காய்ச்சிக் கொடுத்த பெண்களுக்கு என்று ஒவ்வொருவருக்கும் என்ன உண்டு என்பதை அளந்து எழுதினார்கள். இரவு விளக்குக்கு எண்ணெய்க் கணக்கைக்கூட விடவில்லை. நோயாளிக்கு இலவசம், பணியாளருக்குக் கூலி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அந்தக் காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

சீத்தா கேம்ப்பில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இன்னொரு சான்று வீட்டிலேயே இருக்கிறது. ஸகாத் யார் யாருக்குச் சேரும் என்று திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகள், வறியவர்களுக்கு அடுத்தபடியாகவே வருகிறவர்கள் அந்த ஸகாத்தை வசூலித்துப் பங்கிடும் பணியாளர்கள். தருமப் பணத்திலிருந்தே அவர்கள் ஊதியம் பெறலாம். ஏழைக்குப் போக வேண்டியதில் இவர்கள் கை வைத்தார்கள் என்று எந்த ஆலிமும் சொன்னதில்லை. வேலையாளின் கூலியை நிறுத்தி வைப்பதைக் கண்டிக்காத வேதம் உலகில் இருப்பதாகவும் தெரியவில்லை.

இத்தனை தெளிவாக இருந்த அறம் எப்படிக் கலங்கியது? சொற்களால் கலங்கியது என்றுதான் தோன்றுகிறது. மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி நடத்தும் பெண்ணுக்கு 'சேவிகா' என்று பெயர். அவர் கையில் தருவதற்குச் சம்பளம் என்ற பெயர் கிடையாது, 'மான்தன்'. நாம் மதிப்பூதியம் என்கிறோம். காலையில் வந்து, கதவைத் திறந்து, பாயை விரித்து, குழந்தையைத் தராசில் உட்காரவைத்து எடையைப் பதிவேட்டில் எழுதி, கிச்சடி பரிமாறி, பிற்பகலில் சந்து சந்தாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர். அதிகாரி வரும் நாளில் அத்தனை பதிவேடும் அடுக்கி வைத்திருக்க வேண்டும். இதில் எது வேலை இல்லை? 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் உழைத்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஏப்ரலில்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு. சேவை என்ற சொல்லை மாலையாகப் போட்டு, அந்த மாலையாலேயே வாயைக் கட்டிவிட்டோம். அரசு இப்படிச் செய்தால் தொண்டு நிறுவனங்கள் வேறு எப்படிச் செய்யும்? மக்களிடம் நேரில் போகிற பெண்ணுக்கு 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்து, பயணப்படி மட்டும் தந்து, அறிக்கையில் அவள் படத்தை அட்டையில் போடுகிற வழக்கம் நாம் கண் முன்னே காண்பது.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சீத்தா கேம்ப் பிறந்த கதையே அந்த நியாயத்தைச் சொல்லும்.

இப்போதைய பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்து ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அந்த நிலம் மையத்துக்கு வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1963இல் பம்பாய் வந்து, தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் அதை எதிர்த்து மக்களைத் திரட்டினார். அதற்கு முன்பே, குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது, பிள்ளைகள் கையில் குப்பைப் பொட்டலங்களைக் கொடுத்து ஊர்வலமாகக் கூட்டிப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர் அவர். நீதிமன்றம், டெல்லி என்று பல ஆண்டுகள் போராடினார், பலமுறை கைதானார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அந்தச் சதுப்புதான் சீத்தா கேம்ப். அந்தப் போராட்டத்துக்காக அற்புதத்துக்கு எந்த நிறுவனமும் மாதச் சம்பளம் எழுதவில்லை. சம்பளம் வாங்கியிருந்தால், சம்பளம் தருகிறவர் 'போதும்' என்று சொன்ன நாளில் அவர் நின்றிருக்கவும் கூடும். கூலி ஒருவரின் நாவை அடக்கும் என்ற அச்சம் பொய்யானதில்லை. அந்த அளவுக்கு அப்பாவின் கேள்வி மதிக்கத்தக்கது.

ஆனால் கதை 1976இல் முடிந்துவிடவில்லை. ஷீலா பட்டேல் என்ற பெண் 'டிஸ்'ஸில் சமூகப்பணி படித்துப் பட்டம் பெற்றவர். நாக்பாடாவில் ஒரு சமூக மையத்தில் வேலை பார்த்தார். 1984இல் தோழர்களோடு வெளியே வந்து ஸ்பார்க் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொன்னபோது, பைகுல்லா பகுதியின் நடைபாதைக் குடும்பங்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அந்த அமைப்பு கணக்கெடுத்தது. கணக்கில் இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாதபடி ஆக்கியது அந்த வேலை. அற்புதம் நடத்திவந்த தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பும், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும், ஸ்பார்க்கும் கைகோத்தன. படித்துச் சம்பளத்துக்கு வந்தவர்களும் சம்பளமே இல்லாமல் வந்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது. 2011இல் இருவருக்குமே பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் அற்புதம் மறைந்தார், அமைப்புகள் நின்றுவிடவில்லை. ஒரு மனிதரின் தியாகம் ஒரு மனிதரின் ஆயுள் வரைக்கும்தான். கணக்கு எழுதுகிறவர், வங்கிக்குப் போகிறவர், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர் மாதக் கடைசியில் வீட்டு வாடகை கொடுக்க முடிந்தால்தான் அந்த வேலை அந்த மனிதருக்குப் பின்னும் ஓடும்.

அந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் ஒரு செய்தி உண்டு. அப்புறப்படுத்தலைத் தடுக்காவிட்டாலும், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது ஒப்புக்கொண்டது. நடைபாதையில் பழம் விற்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. அவருக்காக வாதாட ஓடுகிறவருக்கு மட்டும் இல்லையா?

தியாகம் செய்யக்கூடியவர் யார் என்றும் யோசிக்க வேண்டும். தந்தையின் சொத்தும் சொந்த வீடும் இருக்கிறவருக்குக் கூலி இல்லாத் தொண்டு எளிது. சீத்தா கேம்ப்பின் ஒற்றை அறை வீட்டில் தம்பி படிப்புக்கும் பாட்டி மருந்துக்கும் பங்கு போடுகிற பெண்ணுக்கு அது முடியாது. கூலி கூடாது என்று விதித்தால் அவள் வெளியே நிற்பாள். அவள் தெருவுக்குச் சேவை செய்ய, அந்தத் தெருவையே அறியாத ஒருவர் காரில் வருவார். இதை அறம் என்று எந்த வாயால் சொல்வது?

எனவே அச்சப்பட வேண்டியது சம்பளத்தைப் பார்த்து அன்று. யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் அச்சப்பட வேண்டும். புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அதியமான் நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பியபோது, தன்னைப் பாராமல் தந்ததை வாங்கிப் போக நான் வணிகன் இல்லை என்று மறுத்தவர் அவர். அவர் பரிசில் வாங்காதவர் அல்லர். குமணனிடம் வாங்கி, வீட்டுக்கு வந்து, மனைவியிடம் எல்லோருக்கும் கொடு என்றவர். வாங்குவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. மதிப்பை விற்று வாங்குவதில்தான் கூச்சம். நிதி தருகிறவர் தெருவை வந்து பார்க்காமல், 'இத்தனை கழிப்பறை, இத்தனை படம்' என்று மட்டும் கேட்கும்போது, பெருஞ்சித்திரனாரைப் போல முகத்தை நிமிர்த்திச் சொல்லத் தெரிந்தவரே இந்தப் பணிக்குத் தகுந்தவர்.

மணிமேகலையின் ஆபுத்திரனையும் மறந்துவிடக் கூடாது. அமுதசுரபி கையில் இருந்தும், இந்திரன் மழை பொழிவித்துப் பாண்டிய நாடு செழித்ததும், உண்ண வருவார் இல்லாமல் அவன் ஊர் ஊராகத் தேடி அலைந்தான். பசி தீர்ந்துவிட்டதே என்று மனம் உடைந்துபோகும் இடத்துக்குத் தொண்டு வந்துவிடக் கூடாது. சீத்தா கேம்ப் இருக்கும் எம்-கிழக்கு வார்டு, மனித மேம்பாட்டில் மும்பையின் வார்டுகளிலேயே கடைசியில் நிற்பதாக 2009இல் மாநகராட்சியின் அறிக்கையே சொன்னது. அந்த இடத்தில் ஆபுத்திரனின் சங்கடம் வர இன்னும் பல காலம் ஆகும். ஆனால் வறுமை தீர்ந்தால் தன் வேலையும் தீரட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டே வேலைக்குப் போகிறவரே சம்பளத்தைத் தலை நிமிர்ந்து வாங்கலாம்.

பணம் தருகிறவர்களுக்கும் ஒரு சொல். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் தரும் நிறுவனங்களும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய கட்டடத்துக்கே தரப் பார்க்கின்றன. ஊழலைத் தடுக்க ஒரு வரம்பு தேவைதான். ஆனாலும் திருமுக்கூடலில் கல்லில் வெட்டியவர்கள் மருத்துவரின் நெல்லை 'நிர்வாகச் செலவு' என்று ஒதுக்கவில்லை. மருத்துவர் இல்லாமல் ஆதுலர்சாலை ஏது?

நன்கொடை எழுத உட்காரும் செம்பூர், மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்களே, காசோலையில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தெருவுக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் என்ன தருகிறீர்கள்? பி.எஃப். பிடிக்கிறீர்களா?" பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குத் தராதீர்கள். சீத்தா கேம்ப் பெண்ணே, நீ போ. ஆனால் நியமனக் கடிதம் கையில் வராமல் முதல் நாள் வேலைக்குப் போகாதே. அதை அப்பாவிடம் காட்டிவிட்டுப் போ.