அளந்து சமைப்போம், பரக்கத் பெறுவோம்: வீட்டுச் சிக்கனம் பற்றிய ஜுமுஆ உரை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்கினிய சகோதரர்களே! இந்த உரையை வீட்டிலிருந்து படிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசிக்கிறேன்.

இன்று நாம் பேசப்போவது நம் வீட்டு அடுப்படியைப் பற்றி. மிம்பரில் நின்று சோறும் ஆணமும் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். குர்ஆனே பேசுகிறது. அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில், உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்த அதே இடத்தில் அல்லாஹ் வீண்விரயத்தைத் தடுக்கிறான். வீண்விரயம் செய்பவர்களைத் தான் நேசிப்பதில்லை என்றும் அறிவிக்கிறான். அல்லாஹ்வின் நேசத்தை இழக்கும் ஒரு செயல் நம் வீட்டுக் குப்பைக் கூடையில் தினமும் நடக்கிறது என்றால், அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

நபியின் வீட்டில் எரியாத அடுப்பு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வாவிடம் ஒரு செய்தி சொன்னார்கள். இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்ப்போம், ஆனால் நபியின் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. அப்படியானால் எதைச் சாப்பிட்டு வாழ்ந்தீர்கள் என்று உர்வா கேட்டார். பேரீச்சம் பழமும் தண்ணீரும்தான், அண்டை வீட்டு அன்ஸாரிகள் சிலர் தங்கள் கால்நடைகளின் பாலை அனுப்புவார்கள் என்றார்கள் அன்னையவர்கள் (புகாரி, முஸ்லிம்).

இன்னொரு நாள் நபி (ஸல்) அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வீட்டாரிடம் கேட்டார்கள். காடியைத் தவிர ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. அதையே கொண்டுவரச் சொல்லி, காடி எவ்வளவு நல்ல ஆணம் என்று பாராட்டியபடியே சாப்பிட்டார்கள் (முஸ்லிம்). அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் (புகாரி, முஸ்லிம்).

நாம் எப்படி? மூன்று வகை கறி இருந்தாலும், "இன்னிக்கும் இதுதானா?" என்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நம் வீட்டுப் பெண்கள் எத்தனை முறை கடன் சொல்லி மளிகை வாங்கியிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறோமா?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும், "ஹஜ்ரத் சிக்கனமா இருக்கச் சொன்னார்" என்று மனைவியிடம் சொல்லி, மளிகைப் பணத்தைக் குறைத்துவிடாதீர்கள். இந்த உரை முதலில் உங்களுக்குத்தான்.

ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் ரஹ்மானின் அடியார்களை வர்ணிக்கிறது. செலவு செய்தால் வரம்பு மீற மாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்ய மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள். தம் கணவர் அபூ சுஃப்யான் போதுமான அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவு போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). குடும்பத்தின் வயிற்றைக் காயப்போட்டுச் சேர்ப்பது சிக்கனம் அல்ல. அது அடுத்தவர் உரிமையில் கை வைப்பது.

ஒரு தாளில் எழுதிய கணக்கு

சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன். வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். வாரம் 1,200 ரூபாய் தவணை, மாதத்துக்கு 4,800 ரூபாய். கட்ட முடியவில்லை. "என் மனைவிக்குச் சிக்கனம் தெரியல ஹஜ்ரத், நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.

ஒரு தாளை எடுத்து, மாதச் செலவை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். வெளியில் டீ, வடை நாளுக்கு 50 ரூபாய். மாதம் 1,500. சிகரெட் நாளுக்கு 60 ரூபாய். மாதம் 1,800. வாரம் இரண்டு இரவு கடையில் பரோட்டாவும் சால்னாவும், ஒவ்வொரு முறையும் 300 ரூபாய். மாதம் எட்டு முறை, 2,400. மூன்றையும் கூட்டினால் 5,700 ரூபாய். அவருடைய தவணையைவிட 900 ரூபாய் அதிகம். இந்த மூன்று வரியில் ஒன்றுகூட அவர் மனைவி செய்த செலவு இல்லை. பரோட்டா வாங்கி வந்த இரவுகளில் வீட்டில் வடித்த சோறு மறுநாள் குப்பைக்குப் போயிருக்கிறது.

அவர் தாளையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை நான் வீட்ல போய் அவகிட்ட காட்டணும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், காட்டியும் இருக்கிறார். கடன் முழுவதும் அடைந்துவிடவில்லை. ஜமாஅத்தின் வட்டியில்லாக் கடன் கொஞ்சம் கைகொடுத்தது. சிகரெட்டை விட்டுவிட்டார், பரோட்டா மாதம் ஒரு முறை என்று ஆகிவிட்டது.

சகோதரர்களே! வட்டி ஹராம் என்று நாம் ஆயிரம் முறை பயான் செய்கிறோம். ஆனால் வட்டிக்காரனின் வாசலுக்குப் போகும் பாதை பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னச் செலவுகளால்தான் போடப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). கடன் பணத்தை மட்டும் எடுப்பதில்லை, நம் நாவின் உண்மையையும் எடுத்துவிடுகிறது.

அளந்து சமையுங்கள்

உங்கள் உணவை அளந்துகொள்ளுங்கள், உங்களுக்கு பரக்கத் செய்யப்படும் என்ற கருத்தில் மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. நம் உம்மாமார்கள் அரிசிப் பானைக்குள் ஒரு உழக்கைப் போட்டு வைத்திருந்தார்களே, அது இந்த சுன்னத்தின் அடையாளம்தான். கண் மதிப்பில் கொட்டாமல், வீட்டில் யார் யார் இன்று சாப்பிடுவார்கள் என்று காலையிலேயே கேட்டு, டம்ளரால் அளந்து உலையில் போடுங்கள். வெளியில் சாப்பிடுவதானால், வீட்டில் அரிசி களைவதற்கு முன்பே போன் செய்து சொல்லுங்கள். இது கணவன்மார்களின் கடமை.

முன்கூட்டித் திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல. பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சையை விற்று, குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைப்பார்கள் (புகாரி). யூசுஃப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளில் அறுவடை செய்ததில் உண்பதற்கான சிறிதளவு போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள் (12:47). பஞ்சம் வந்த பிறகு சிக்கனம் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருக்கும்போது செய்வதுதான் சிக்கனம்.

மிஞ்சியதும், தூக்கி எறிவதும்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்றபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு பொருளில் எது பயன்படும் என்று பார்க்கும் பார்வையை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பார்வையோடு நம் அடுப்படிக்குள் போவோம்.

பீர்க்கங்காய்த் தோலை எறிய வேண்டாம். கழுவி, கொஞ்சம் எண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாயோடு வதக்கி, புளியும் உப்பும் வைத்து அரைத்தால் இரண்டு வேளைக்குத் துவையல் ஆகிவிடும். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் மறுநாள் பசியாற உப்புமா. அரிசி இரண்டாவது முறை களைந்த தண்ணீரில் புளி கரைக்கலாம், முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். இரவு மிஞ்சிய சோறு ஆறியதும் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். இரவில் பாத்திரங்களை மூடி வைப்பதும் நபி (ஸல்) அவர்களின் கட்டளைதான் (புகாரி, முஸ்லிம்). ஆனால் வாடை மாறிய உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். மருத்துவமனைச் செலவு அந்தச் சோற்றைவிடப் பெரியது, உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

செலவு குறைந்த இரண்டு உணவுகள்

ஒன்று, தல்பீனா. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதைச் சமைக்கச் சொல்வார்கள். நோயாளியின் உள்ளத்துக்கு இது ஆறுதல் தரும், கவலையைக் கொஞ்சம் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாக அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). பார்லியை வெறும் சட்டியில் வறுத்து மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறுங்கள். மாவு வெந்ததும் ஒரு டம்ளர் பால் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறியதும் கொஞ்சம் தேன் அல்லது நறுக்கிய பேரீச்சம் பழம். இரண்டு பேருக்குப் போதும். பாக்கெட்டில் வரும் சத்துமாவுக்குக் கொடுக்கும் விலை இதற்குத் தேவையில்லை.

இரண்டு, நமக்குத் தெரிந்த கஞ்சி. அதை ஏன் ரமலானோடு நிறுத்திவிடுகிறோம்? அரை டம்ளர் நொய்யரிசி, இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, அரை தேக்கரண்டி வெந்தயம். ஒரு சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு தாளித்து, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லி எல்லாம் வதக்கி, ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஐந்து விசில். திறந்து நன்றாக மசித்து, உப்புப் பார்த்து, அரை மூடித் தேங்காயின் பாலை ஊற்றிச் சூடானதும் இறக்கிவிடுங்கள். நான்கு பேருக்கு ஓர் இரவு உணவு. கறி இல்லாமலே கறிக்கஞ்சி மணம் வரும். கடைக்குப் போகும் இரண்டு இரவுகளில் ஒன்றை இந்தக் கஞ்சிக்கு மாற்றிப் பாருங்கள்.

மிச்சம் யாருக்கு?

சிக்கனத்தின் முடிவு பூட்டிய பெட்டி அல்ல. அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்ன உபதேசத்தை நினைவில் வையுங்கள்: ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள் (முஸ்லிம்). கறியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார்கள். ஏழையும் செய்யக்கூடிய தர்மம் அது.

நம் பாட்டிமார்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். மாதம் முடிந்ததும் அந்தப் பிடி அரிசி மதரஸாவுக்குப் போகும். அந்த அரிசியில் ஓதிய பிள்ளைகள் இன்று எத்தனையோ ஊர்களில் இமாம்களாக நிற்கிறார்கள். வீட்டில் யாருக்கும் ஒரு பிடி குறைந்தது தெரியவில்லை. சேர்ந்தபோது மட்டும்தான் தெரிந்தது.

இன்றோ வலீமா முடிந்த மண்டபத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். பாதி கடித்த கறித்துண்டும் பிரியாணியும் வாளி வாளியாகக் கிடக்கும். அதே தெருவில் ஒரு விதவைத் தாய் அடுப்பு மூட்டாமல் இருந்திருப்பார். தட்டை வழித்துச் சாப்பிடச் சொன்ன நபியின் உம்மத்தா நாம்? உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றல்லவா அவர்கள் காரணம் சொன்னார்கள் (முஸ்லிம்). நாம் கீழே கொட்டிய அந்தக் கடைசிப் பிடியில் அது இருந்திருந்தால்?

இந்த வாரம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே, சகோதரிகளே! இன்று இரவு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் மாதச் செலவை எழுதுங்கள். ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் எழுதுங்கள். கணவன் தன் செலவை முதலில் எழுதட்டும். அரிசிப் பானையில் ஓர் உழக்கைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு கலயம் வைத்து, பிடி அரிசியை மீண்டும் தொடங்குங்கள். ஒளூச் செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளூச் செய்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு என்று அதை விளக்குவார்கள். அடுத்த ஜுமுஆவுக்குள், அண்டை வீடு ஒன்றுக்கு ஒரு கிண்ணம் கஞ்சியாவது போய்ச் சேரட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உணவில் பரக்கத் செய்வாயாக. வீண்விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக. கடனில் தவிக்கும் எங்கள் சகோதரர்களின் சுமையை இறக்கி வைப்பாயாக. வட்டியின் வாசலை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டாதிருப்பாயாக. குறைந்த வருமானத்திலும் முகம் கோணாமல் குடும்பம் நடத்தும் எங்கள் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் உன் அருளை அள்ளித் தருவாயாக. எங்களுக்கு உணவூட்டி வளர்த்து, மண்ணறைக்குச் சென்றுவிட்ட எங்கள் பெற்றோர்களை மன்னிப்பாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.